எந்த நாழியால் அளந்து? ஏஐ ஏஜென்ட்டும் சோழர் காலத்துக் கல்லும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க பணத்தை எடுத்துக்கிட்டு, நீங்க பக்கத்துல இல்லாத நேரத்துல, உங்களுக்காக இன்னொருத்தர் ஒரு பொருள் வாங்கப் போறார். அவர் சரியா வாங்கணும்னா அவர் கையில் என்னென்ன எழுதிக் கொடுக்கணும்?

இது 2025-ன் கேள்வி. அந்த வருஷம் அக்டோபர்ல என்பிசிஐ, ரேசர்பே, ஓப்பன்ஏஐ மூணும் சேர்ந்து ஒரு முன்னோட்டத்தை அறிவிச்சாங்க. சாட்ஜிபிடி-க்குள்ள பேசிக்கிட்டே பொருள் வாங்கி, யுபிஐ வழியா பணமும் கட்டிடலாம். முதல்ல சேர்ந்த கடைகள்ல பிக்பாஸ்கெட் ஒண்ணு. அதாவது, கடைக்குப் போறது நீங்க இல்ல, ஒரு மென்பொருள். அதைத்தான் 'ஏஜென்ட்'னு சொல்றோம்.

ஆனா இதே கேள்வி சுமார் 924-லயும் இருந்தது, நம்ம ஸ்ரீரங்கத்துல. அங்கே பதில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இந்த எபிசோடு அந்த ரெண்டு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறதுதான்.

முப்பது என்றால் முப்பது என்ன?

நான் பகல் நேரத்தில் பார்க்கிற வேலை டாகுமென்டேஷன் எழுதுவது. முன்னாடி அதைப் படிச்சது டெவலப்பர்கள். ஒரு வரி புரியலைன்னா போன் பண்ணிக் கேப்பாங்க, திட்டுவாங்க. இப்போ படிக்கிறதுல பாதி ஏஜென்ட்டுகள். அதுங்க போன் பண்ணாது. புரியாத இடத்தில் தானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு உதாரணம். ஒரு மருந்து ஆப். பேர் வேண்டாம். அவங்க ஏபிஐ-ல 'அளவு'ன்னு ஒரு கட்டம். விளக்கத்துல எழுதியிருந்தது ஒரே வரி: "வாங்க வேண்டிய எண்ணிக்கை." சோதனைச் சூழல்ல ஒரு ஏஜென்ட்கிட்ட, "அம்மாவுக்கு ஒரு மாசத்துக்கு சுகர் மாத்திரை, தினம் ஒண்ணு"ன்னு சொன்னோம். அது முப்பதுன்னு போட்டது. சரிதானே? கணக்கு சரிதான். ஆனா அந்தக் கட்டம் எண்ணுறது மாத்திரையை இல்ல, அட்டையை. முப்பது அட்டை. அட்டைக்குப் பத்துன்னா முந்நூறு மாத்திரை.

சோதனைங்கிறதால சிரிச்சோம். நிஜத்துல இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஸ்ரீரங்கத்துல உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் போய்ப் பாருங்க. எத்தனை அடுக்குமாடி வீட்டுல அப்பா அம்மா மட்டும் தனியா இருக்காங்க. பிள்ளைங்க சிங்கப்பூர்ல, அமெரிக்காவுல. மாச மளிகை, மருந்து எல்லாம் அங்கிருந்து ஆப்ல போடுறாங்க. நாளைக்கு அந்த வேலையை ஏஜென்ட் செய்யும். தப்பான அட்டை வந்து நின்னா வாசலில் நிற்கப்போவது எழுபத்தஞ்சு வயசு அம்மா. திருப்பி அனுப்புறது எப்படின்னு தெரியாம அவங்க அந்த மாத்திரையைப் போட்டுக்கவும் கூடும்.

இப்போ, "பருப்பு ஒரு கிலோ"ன்னு சீட்டு எழுதி அம்மா தெருமுனைக் கடைக்கு அனுப்புறாங்க. கடைக்கார அண்ணனுக்குத் தெரியும்: இந்த வீட்டுக்குப் பருப்புன்னா துவரம்பருப்பு. கார்த்திகை மாசம்னா கூடவே பொரி, வெல்லம் வேணுமான்னு கேப்பார். சீட்டில் எழுதாத பாதி விஷயம் அவர் தலையில் இருக்கிறது. அந்தப் பாதியை எழுத்துக்குக் கொண்டு வர்றதுதான் இப்போ எங்க வேலை.

விளக்கு எரியணும், ஆனா வாங்கப்போறது யாரு?

ஸ்ரீரங்கம் கோயிலில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் 24-வது தொகுதி முழுக்க ஸ்ரீரங்கத்துக்கே ஒதுக்கப்பட்டது. அதில் மிகப் பழையவற்றில் ஒன்று முதலாம் பராந்தக சோழனின் 17-வது ஆட்சியாண்டு, அதாவது சுமார் 924. ஒருவர் கோயிலில் விளக்கு எரிய, கற்பூரத்துக்கு, திரிக்குன்னு பொன் கொடுக்கிறார். அந்தப் பொறுப்பை ஏற்பது ஊர்ச் சபை.

இதுல இருக்கிற சிக்கலை யோசிங்க. பொன் கொடுத்தவர் இன்னும் இருபது முப்பது வருஷத்துல இருக்க மாட்டார். விளக்கோ சந்திரனும் சூரியனும் இருக்கிற வரைக்கும் எரியணும். அதுக்கு 'சந்திராதித்தவல்'னு ஒரு சொல்லே உண்டு. அவர் பெயரில், அவர் பணத்தில், அவர் முகமே பார்க்காத ஆட்கள் தினமும் எண்ணெயோ நெய்யோ வாங்கிக்கொண்டே இருக்கணும். இதைவிடப் பெரிய 'ஏஜென்ட்' பிரச்சினை உண்டா?

அதனால்தான் கல்வெட்டு அவ்வளவு நுணுக்கமா இருக்கு. பள்ளிக்கூடத்துல கல்வெட்டுன்னா மன்னர் புகழ்னு படிச்சிருப்போம். மெய்க்கீர்த்தி முன்னாடி கொஞ்சம் வரும், சரி. அதைத் தாண்டினால் பெரும்பாலும் வாங்கல், விற்றல், அளவு, வட்டி, பொறுப்பு. படிக்கப் படிக்க எனக்கு ஏபிஐ டாகுமென்ட் படிக்கிற மாதிரியே இருக்கும்.

அளவுக்கு ஒரு பெயர்

இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், தஞ்சாவூர். 1010-ல் ராஜராஜன் முடித்த பெரிய கோயில். அந்தச் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் நெல்லு எவ்வளவுன்னு மட்டும் சொல்றதில்ல. எந்த மரக்காலால் அளந்தது என்று சொல்கிறார்கள். அந்த மரக்காலுக்குப் பெயர் 'ஆடவல்லான்'. அது ராஜகேசரி என்ற இன்னொரு அளவுக்குச் சமம் என்றும் எழுதி வைக்கிறார்கள். பொன்னை நிறுக்க ஒரு கல், நகைகளில் உள்ள மணிகளை நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்ற இன்னொரு கல். முத்துமாலையை நிறுக்கும்போது சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு எல்லாத்தையும் நீக்கி நிறுத்தோம்னு ஒரு குறிப்பு. சிலையின் உயரமா? கோயிலிலேயே வைத்திருக்கும் முழக்கோலால் அளந்தது.

ஏன் இவ்வளவு? ஏன்னா ஊருக்கு ஊர் நாழி வேற, மரக்கால் வேற, கோல் வேற. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கீறி வைத்த இடங்கள் நம்ம மாவட்டத்திலும் உண்டு. சண்டை வந்தா சுவர்கிட்ட போய் அளந்து பார்த்துக்கலாம்.

இப்போ 2025-க்கு வாங்க. ரேசர்பே ஏபிஐ-ல தொகையை ரூபாயில் கொடுக்கக் கூடாது, பைசாவில் கொடுக்கணும். 299 ரூபாய் என்றால் 29900. இதை விளக்கத்தில் எழுதாமல் விட்டால் ஏஜென்ட் 299-ன்னு அனுப்பும், அது ரெண்டு ரூபாய் 99 பைசா ஆயிடும். இல்லைன்னா ஏற்கெனவே பைசாவில் இருப்பதை மறுபடியும் நூறால் பெருக்கும். 1957-ல் நயா பைசா வந்தப்போ, 1958-ல் படியும் வீசையும் போய் மெட்ரிக் அளவு வர ஆரம்பிச்சப்போ நம்ம தாத்தா பாட்டி கடையில் நின்னு குழம்பின அதே குழப்பம். அலகு எழுதாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அந்த மருந்து ஆப்பின் விளக்கத்தை அப்புறம் மாத்தினோம். "வாங்க வேண்டிய அட்டைகளின் எண்ணிக்கை. மாத்திரைகளின் எண்ணிக்கை அல்ல. ஓர் அட்டையில் எத்தனை மாத்திரை என்பதைப் பொருள் விவரத்தில் பார்த்து, தேவைப்படும் மாத்திரைகளை அதால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கவும்." அவ்வளவுதான். ஆடவல்லான்னு பேர் வைக்கிற வேலைதான் அது.

சாவா மூவாப் பேராடு

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு விளக்குக்குத் தினமும் ஓர் உழக்கு நெய். உழக்குன்னா கால் நாழி. அதுக்கு மூலதனமா பல இடங்களில் ஆடு கொடுத்தாங்க. தஞ்சையில் கணக்கு இப்படி: ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைக் கொடுக்கலாம், ஆனால் எந்த விகிதத்தில் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. இன்னைக்கு மளிகை ஆப்ல "பொருள் இல்லைன்னா மாற்றுப் பொருள் அனுப்பலாமா?"ன்னு ஒரு பட்டன் இருக்கே, அதை விட இது தெளிவு. எது எதுக்கு, எத்தனைக்கு எத்தனைன்னு சொல்லியாச்சு.

சரி, ஆடு செத்துப் போனா? அதுக்குத்தான் பல சோழர் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு'ங்கிற சொல். சாகாத, மூப்படையாத ஆடு. மந்திரம் எல்லாம் இல்லை. ஆடு சாகும், குட்டி போடும், விற்கும். ஆனா கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் நிற்கக் கூடாது. இடையில் என்ன நடந்தாலும் இறுதியில் என்ன நிலை இருக்கணும்னு சொல்லிட்டாங்க. எப்படிச் செய்யணும்ங்கிறதை ஆயருக்கு விட்டுட்டாங்க.

அந்த ஆயர் தவறினால்? தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு பெற்றவரின் பெயரோடு, அவருக்குப் பிணையாக நிற்கும் உறவினர்கள், ஊர்க்காரர்கள் பெயர்களும் வரிசையாக இருக்கும். அவர்களுக்கு 'அடைகுடி' என்று பெயர். ஒருத்தர் ஓடிப்போனா இன்னொருத்தர் பதில் சொல்லணும்.

பணமாகக் கொடுத்தால் வட்டி விகிதமும் கல்லில்: காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. பன்னிரண்டரை சதவீதம். அந்த வட்டியில் வாங்க வேண்டிய பொருள்களில் ஏல அரிசி, சண்பக மொட்டு, இலாமச்சம் வரைக்கும் வருகிறது. இலாமச்சம்னா வெட்டிவேர் மாதிரி வாசனை வேர். 'வாசனைப் பொருட்கள்'னு பொதுவா எழுதிட்டுப் போயிருக்கலாம். எழுதலை.

இரண்டு தடவை வாங்கிவிடாமல் இருக்க

மென்பொருள் உலகில் அடிக்கடி வரும் ஒரு தொல்லை. ஏஜென்ட் ஆர்டர் போடுது. நெட் கட் ஆகுது. பதில் வரலை. மறுபடியும் போடுது. கடைசியில் ரெண்டு ஆர்டர், ரெண்டு தடவை பணம். இதைத் தடுக்க ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒரே ஒரு அடையாள எண் கொடுப்போம். அதே எண்ணோடு மறுபடி வந்தால், "இது ஏற்கெனவே முடிஞ்சது"ன்னு கடை சொல்லும்.

சோழர், பாண்டியர் கால நில விற்பனை ஆவணங்களில் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருக்கு. விலை முழுசா கைக்கு வந்தது என்று விற்றவர் சொல்வார். பிறகு, இந்த ஓலையே விற்பனை ஓலை, இதுவே பணம் செலுத்தியதற்கான ஓலை, வேறு ஓலை காட்டத் தேவையில்லை என்பார். பின்னாடி யாராவது வந்து "பணம் கட்டின ரசீதைக் காட்டு"ன்னு கேட்டு ரெண்டாவது தடவை வாங்க முடியாது.

எல்லையும் அப்படித்தான். கிழக்கே எது, தெற்கே எது, மேற்கே எது, வடக்கே எதுன்னு நான்கெல்லை. ஆனைமங்கலச் செப்பேட்டைப் பார்த்தால், கொடுத்த நிலத்தைப் பெண்யானை சுற்றி நடக்க, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டினார்கள். 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு, பார்த்தவங்களுக்கு அநிருத்த பிரம்மராயரைத் தெரியும். அவருக்குச் சுந்தர சோழன் நிலம் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு கிடைத்தது நம்ம லால்குடி பக்கம் அன்பிலில். இந்த ஆணைகள் எப்படி வெளிவரும் தெரியுமா? மன்னர் வாயால் சொல்வார். திருமந்திர ஓலை எழுதுபவர் அதை எழுதுவார். ஓலைநாயகங்கள் சரிபார்ப்பார்கள். அப்புறம் வரிப் புத்தகத்தில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் யார் யார் இருந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலும் இருக்கும்.

2025 செப்டம்பர்ல கூகுள் வெளியிட்ட ஏஜென்ட் பணப் பரிவர்த்தனை நெறிமுறையில், வாங்கச் சொன்னவரின் விருப்பத்துக்கு ஒரு கையெழுத்திட்ட ஆவணம், கூடையில் உள்ள பொருளுக்கு இன்னொரு கையெழுத்திட்ட ஆவணம்னு வச்சிருக்காங்க. யுபிஐ-ல ரிசர்வ் பே வழியா ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த எல்லைக்குள்ள மட்டும் எடுக்கச் சொல்லலாம். யானை இல்லை, கள்ளி இல்லை. ஆனா நான்கெல்லை இருக்கு.

திருத்தினால் தேதி போடு

டாகுமென்ட் ஒரு தடவை எழுதி முடியுற வேலை இல்லை. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும். அது ஒண்ணு இல்ல, ரெண்டு. முதலாவது 919, இரண்டாவது 921. முதல் விதியில் உறுப்பினர் வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டே வருஷத்தில் அது 35-க்கு மேல், 70-க்குள் என்று மாறியது, விதிகளும் இன்னும் விரிவாயின. ரெண்டு கல்வெட்டுமே அதே கோயில் சுவரில், ஆட்சியாண்டோடு. எது பழையது, எது நடப்புன்னு குழப்பம் இல்லை.

பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டி, இது பழங்கற்படி என்று குறிப்பு எழுதியதும் உண்டு. சர்வர் மாத்தும்போது பழைய பக்கத்துக்கு லிங்க் உடைஞ்சு போகுதே, அந்தக் கவலை அவங்களுக்கும் இருந்திருக்கு.

சுவரில் எழுதாதது

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டா, எல்லாத்தையும் எழுதிட்டா போதும்னு தோணும். ஸ்ரீரங்கத்துக் கதை அப்படி முடியலை.

கோயிலொழுகு என்று ஸ்ரீரங்கத்துக்கு ஒரு வரலாற்று ஏடு உண்டு. பல தலைமுறையினர் எழுதிச் சேர்த்தது. ராமானுஜர் கோயில் பணியாளர்களைப் பத்துக்கொத்தாகப் பிரித்து, யார் என்ன செய்யணும்னு வகுத்ததை அது சொல்கிறது. கோயில் நிர்வாகத்துக்கு அதுதான் மேனுவல்.

1311-ல் மாலிக் காபூர் படை வந்தது. 1323-ல் துக்ளக் படை. உற்சவர் சிலையை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர்கள் பல ஊர்கள் சுற்றினார்கள். 1371-ல் விஜயநகரத் தளபதி கோபண்ணர் சிலையைத் திரும்பக் கொண்டு வந்து சேர்த்தார். அதற்குக் கோயிலிலேயே கல்வெட்டு இருக்கு. ஆனா நாற்பத்தெட்டு வருஷம் போயிடுச்சு. இதற்குள் இங்கே வேறொரு சிலை பூஜையில் இருந்தது. எது பழைய சிலை? பார்த்தவர்கள் உயிரோடு இல்லை.

மரபு சொல்வது இது. பார்வை இழந்த ஒரு முதிய சலவைத் தொழிலாளி இருந்தார். ஈரங்கொல்லி என்று அவர் மரபைச் சொல்வார்கள். இரண்டு சிலைக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈர ஆடையின் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். அந்த வாசனையை வைத்து அவர் இதுதான் நம்பெருமாள் என்றார். இன்னைக்கும் உற்சவருக்கு அந்தப் பெயர்தான்.

அறுநூறு கல்வெட்டு உள்ள கோயிலில், அந்த ஒரு கேள்விக்குப் பதில் ஒரு கல்லிலும் இல்லை. அது கோயில் துணி துவைத்த ஒருத்தர் மூக்கில், நாக்கில் இருந்தது. அவரைத் தேடிப் போய்க் கேட்கணும்னு யாருக்கோ தோணியிருக்கு. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஏஜென்ட்டுக்கு எழுதும் விளக்கத்திலும் இந்த இடம் வேணும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் ஒரு கருவிக்குப் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு என்று எழுதுகிறோம். பிறகு வந்த பதிப்பில், இந்தக் கருவி வெறுமனே படிக்குமா, எதையாவது மாற்றுமா, மறுபடி கூப்பிட்டால் அதே விளைவுதானா என்றும் குறிக்கலாம். நான் கூடவே ஒரு வரி எப்பவும் சேர்ப்பேன்: எந்தச் சூழலில் வாங்காமல் நிறுத்தி, மனிதரைக் கேட்கணும். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்து வீரியம் வேறாக இருந்தால் நிறுத்து. வழக்கமான விலையைவிட ரொம்ப அதிகமென்றால் நிறுத்து. முகவரி புதிது என்றால் நிறுத்து.

யார் பொறுப்பு?

கடைசியா, சட்டம். 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கு. 211-வது பிரிவு சொல்வது: முகவர், தன்னை அனுப்பியவர் சொன்னபடி நடக்கணும். அவர் எதுவும் சொல்லாத இடத்தில், அந்தத் தொழிலில் அந்த ஊரில் உள்ள வழக்கப்படி நடக்கணும். மீறி நஷ்டம் வந்தால் முகவர் ஈடு கொடுக்கணும்.

'வழக்கப்படி'. பருப்புன்னா துவரம்பருப்புங்கிற அந்த வழக்கம்தான். மனித முகவருக்கு அது ஊர்ல வளர்ந்ததால தெரியும். மென்பொருளுக்கு யாராவது எழுதினால்தான் தெரியும். அதோட, அந்தச் சட்டத்தின்படி முகவர் என்பவர் ஒரு நபர். மென்பொருள் நபர் இல்லை. அதுகிட்ட ஈடு கேட்க முடியாது. அப்போ தப்பு நடந்தா அடைகுடி யாரு? மாடலைச் செய்த கம்பெனியா, கடையா, பணம் கட்டும் தளமா, "வாங்கு"ன்னு சொன்ன பிள்ளையா? விளக்கத்தில் ஒரு சொல்லை விட்டவரா?

இதுக்கு ஒரு தெளிவான பதில் வர்றதுக்கு முன்னாடியே பட்டன் வந்துடுச்சு. வைணவக் கோயில் கல்வெட்டுகளின் முடிவில் பல இடங்களில் 'ஸ்ரீவைஷ்ணவர் ரக்ஷை'ன்னு இருக்கும். இந்தத் தர்மத்தைக் காப்பது ஸ்ரீவைஷ்ணவர்கள் பொறுப்பு என்று அர்த்தம். கொடுத்தவர், பெற்றவர், பிணை நிற்பவர், பார்த்துக்கொள்பவர்னு நாலு பேரையும் பெயர் சொல்லிட்டுத்தான் விளக்கு ஏத்தினாங்க. நாமளும் ஏஜென்ட் கையில் அம்மாவோட மருந்துச் சீட்டைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த நாலு பெயரைக் கேக்கலாம். தப்பே இல்லை.

அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போனா, தரிசன வரிசையில் நிக்கும்போது போனை உள்ளே வச்சுட்டு சுவரைப் பாருங்க. பழைய எழுத்து புரியாது, பரவாயில்லை. அதில் பெரும்பகுதி யாரோ ஒருத்தர் இன்னொருத்தருக்கு எழுதி வச்ச வாங்கல் குறிப்புன்னு தெரிஞ்சு பார்த்தாலே போதும்.

உங்க வீட்டுச் சீட்டில் எழுதாமலே கடைக்காரருக்குப் புரியுற விஷயம் எது? கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.